பதின்மூன்றாம் பலகை

மாதத்தின் முதல் செவ்வாய்,
சாங்கி முனையிலிருந்து ரய்யானின் படகு.
ஒரு வாளி, ஒரு கேமரா,
நூறு கட்டம் போட்ட கண்ணாடித்தாள்.
உபினுக்கு இந்தப் பக்கம்
மீன் பண்ணை நாய்களின் குரைப்புக்கு நடுவே
எங்கள் மிதவை.
அதன் அடியில் கயிற்றில் தொங்குகின்றன
பன்னிரண்டு சாயங்கள்.

பதின்மூன்றாவதற்குச் சாயம் கிடையாது.
வெறும் பலகை. மற்றவற்றை
எதோடு ஒப்பிடுவது என்பதற்காக.

முதலில் வருவது கண்ணுக்குத் தெரியாது.
ஈரக்கையை யாரோ துடைத்துவிட்டுப் போனது போல் ஒரு படலம்.
பத்தாம் நாள் விரல் வைத்தால் வழுக்கும்.
அரை மில்லிமீட்டர்கூட இராது.
இந்தக் கொழகொழப்புக்கே ஒரு கப்பல்
ரோட்டர்டாம் போய்ச் சேர்வதற்குள்
எவ்வளவு எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும் என்று
கூட்டங்களில் சிவப்புக் கோடு இழுத்துக் காட்டுவார்
லோ சியூ மெங்.
பின்வரிசையில் நான்,
நகக்கண்ணில் அதே கொழகொழப்போடு.

இரண்டாம் பலகை செம்பு, செங்கல் நிறம்.
கரைந்து கரைந்துதான் காக்கும்.
ஐந்தாவது சிலிக்கோன். எதையும் கொல்லாது,
பிடி கொடுக்காது, அவ்வளவே.
கப்பல் ஓடினால் ஒட்டியதெல்லாம் உதிர்ந்துவிடும்.
நின்றால்?
நிற்கிற கப்பலுக்கு எந்தச் சாயமும் உறவில்லை என்பான் ரய்யான்.
விலை ஏறட்டும் என்று ஆறு வாரம்
கிழக்கே நங்கூரமிட்டுக் கிடந்த டேங்கரின் அடிவயிற்றை
மூழ்கிச் சுரண்டியவன்.
‘கெபுன், காக், கெபுன்!’
தோட்டமாம்.

கொட்டலசுக் குஞ்சை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன்.
கடுகில் கால்வாசி.
இரண்டு உணர்கொம்பால் பலகைமேல் நடக்கும்,
நிற்கும், ருசி பார்க்கும், திரும்பும்.
தன் இனம் பக்கத்தில் இருக்கிறதா,
நீரோட்டம் சோறு கொண்டுவருமா.
பிடிக்கவில்லையா, நீந்திப் போய்விடும்.
பிடித்துவிட்டால் தலையை ஊன்றி ஒட்டிக்கொள்ளும்.
ஒரே ஒரு முறை.
பிறகு ஆயுசுக்கும் தலைகீழாய் நின்று
காலால் அள்ளித் தின்னும்.

ஆறு வருஷத்தில் எனக்கு ஐந்து அறை.
ஈசூனில் சமைக்கக் கூடாது.
தெம்பனிஸில் ஒன்பதுக்கு மேல் துணி துவைக்கக் கூடாது.
பாசிர் ரிஸில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு மட்டும் என்னுடையது.
எதையும் நான் நடந்து ருசி பார்க்கவில்லை;
வாடகையைப் பார்த்தேன்.

இன்று எட்டாம் பலகை மேலே வந்தது.
லோவின் செல்லம், அடுத்த மாதம் விற்பனைக்கு.
மூன்று கொட்டலசு.
படம் அனுப்பினேன். உடனே பதில்:
விளிம்பில் இருப்பதைச் சேர்க்க வேண்டாம்.
ஒன்று விளிம்பில், சரி.
ஒன்று நடுவில்.
மூன்றாவது கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது,
வாய்க்கதவைச் சாத்திக்கொண்டு,
என்னிடம் கேட்காதே என்பதுபோல்.

இரண்டு என்று எழுதினேன்.

பிறகு பதின்மூன்று.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுத்
திரும்பவும் புதிதாய்த் தொங்கவிடவேண்டும்.
இழுத்தபோது ரய்யானும் கை கொடுத்தான், அத்தனை கனம்.
பச்சைச் சிப்பி, குழாய்ப் புழு,
தொட்டதும் முகத்தில் நீர் பீய்ச்சிய ஏதோ ஒன்று,
இடுக்கில் முட்டை சுமந்த பொடி நண்டு.
நண்டை மட்டும் எடுத்துத் தண்ணீரில் விட்டேன்.
மற்றதை உளியால் தள்ளினேன்.
ஓடுகள் பெயர்ந்தன. அடித்தட்டுகள் வரவில்லை.
பலகை முழுக்க வெள்ளை வட்டங்கள்,
தேநீர்க் கோப்பை வைத்து எடுத்த மேசைபோல.
உப்புத்தாள் தேய்த்தும் ஏழெட்டு நின்றன.
அப்படியே இறக்கிவிட்டேன். அறிக்கையில்:
பதின்மூன்று, சுத்தம், பூஜ்யம்.

திரும்பும்போது படகு இழுக்கவே மாட்டேன் என்றது.
பதினைந்து நிமிட வழிக்கு முப்பது நிமிடம்.
கடைசியாக எப்போது அடி பார்த்தாய் என்றேன்.
ரய்யான் வானத்தைப் பார்த்தான்,
விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.
‘சாயம் விலை அதிகம், காக்.’
எங்களுக்குக் கீழே
ஒரு தோட்டம் கூடவே வந்துகொண்டிருந்தது.